மிஞ்சிய மார்பின் எங்கே போகிறது?

கடும் புற்றுநோய் வலிக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையை வழக்கமாக மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். கழற்றிய பட்டையிலும் கணிசமான மருந்து மிஞ்சியிருக்கும். அமெரிக்காவில் இத்தகைய பட்டைகள் கைக்குக் கிடைத்துக் குழந்தைகள் இறந்ததால், அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2012-ல் எச்சரிக்கை விடுத்தது. திருச்சி மாவட்டம் துறையூரில் படுக்கையில் இருப்பவரைப் பராமரிக்கும் முதியோர் இல்லமும் கவனிக்க வேண்டிய எச்சரிக்கை இது.

ஆபத்து என்பதற்காக ஃபென்டனில், மார்பின் போன்ற வலிநிவாரணிகளைத் தவிர்த்துவிட முடியாது. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்கு அஞ்சிப் பல மருத்துவமனைகள் மார்பினைக் கைவிட்டன. நோயாளிகள் வலியில் துடித்தார்கள். 2014 திருத்தம் அந்த நிலையை மாற்ற வந்தது. மார்பின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் ‘அத்தியாவசிய போதை மருந்துகள்’ ஆயின. நான்கைந்து உரிமங்களுக்கு அலைந்த மருத்துவமனைகளுக்கு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்றே போதும் என்றானது.

அங்கீகாரத்தோடு பொறுப்பும் வருகிறது: பாதுகாப்பான இருப்பு, அன்றாடக் கணக்கு, பொறுப்பு மருத்துவர். மருந்து விதிகளின் ‘எக்ஸ்’ அட்டவணையில் உள்ள கெட்டமின் போன்ற மருந்துகளை மருந்துக்கடைகள் தனி அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். மருந்துச் சீட்டின் ஒரு பிரதியை இரண்டு ஆண்டு காக்க வேண்டும். முதியோர் இல்லங்களும் இதையே பின்பற்றலாம். சாவி ஒருவரிடம், ஒவ்வொரு மாத்திரைக்கும் பதிவேட்டில் இருவர் கையெழுத்து.

சிக்கல் தொடங்குவது நோயாளி இறந்த பிறகுதான். தலைமாட்டில் கிடக்கும் மார்பின் மாத்திரைகளுக்கு அன்றைய துக்கத்தில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அவற்றை இன்னொருவருக்குக் கொடுப்பதும் தவறு, குப்பையில் போடுவதும் தவறு.

மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஃபென்டனில், மார்பின், டிரமடால், டையசெபம் உள்ளிட்ட 17 மருந்துகள் வீட்டில் மிஞ்சினால் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடச் சொல்கிறது. மற்ற மருந்துகளுக்கு இது பொருந்தாது. அவை நீர்நிலைகளைக் கெடுக்கும். மருத்துவமனைகளுக்கு வேறு வழி: 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி காலாவதியான மருந்துகள் மஞ்சள் பையில் எரிஉலைக்குப் போக வேண்டும். போதை மருந்தென்றால், முதலில் மருந்து ஆய்வாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கேரளம் 2025-ல் கோழிக்கோட்டில் ‘என்-பிரவுட்’ திட்டத்தைத் தொடங்கி, வீடுகளில் தேங்கிய மருந்துகளைச் சேகரித்து எரிஉலைக்கு அனுப்புகிறது. திருச்சி மாவட்டத்திலும் அப்படியொரு சேகரிப்பு வேண்டும். அதுவரை, நோயாளி இறந்த அன்றே மிஞ்சிய மாத்திரைகளையும் பட்டைகளையும் உறவினர் முன்னிலையில் எண்ணி, பதிவேட்டில் எழுதி, அலமாரியில் பூட்டுவதை ஒவ்வொரு இல்லமும் வழக்கமாக்கிக்கொள்ளலாம்.