வாசனை மெழுகுவர்த்திக்கு எந்தத் திரி?



வாசனை மெழுகுவர்த்தி செய்யப் பழகும் உறுப்பினர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்பது, "வாசனையே வரலையே, இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊத்தலாமா?" என்பதுதான். வாசனை எண்ணெய் விலை கூடிய பொருள். அதைக் கூட்டும் முன் திரியைப் பார்ப்போம்.

வேளாங்கண்ணித் திருவிழாவில் (ஆகஸ்ட் 29 – செப்டம்பர் 8) ஏற்றும் மெழுகுவர்த்தி வெளிச்சம் தந்தால் போதும். கண்ணாடி டம்ளரில் ஊற்றும் வாசனை மெழுகுவர்த்தி அப்படியல்ல. உருகி நிற்கும் மெழுகிலிருந்துதான் வாசனை கிளம்புகிறது. ஆகவே மெழுகு டம்ளர் ஓரம் வரை உருக வேண்டும். அது திரியின் தடிமனைப் பொறுத்தது.

திரி மெல்லிசா இருந்தால் நடுவில் மட்டும் குழி விழும்; சுடர் மூழ்கி அணையும். தடியாக இருந்தால் சுடர் உயர்ந்து ஆடும், கரி படியும், நுனியில் காளான் போலக் கட்டி சேரும். டம்ளர் சூடேறி வெடிக்கவும் கூடும். வாங்கிப் போனவர் வீட்டில் குழந்தைகள் இருப்பார்களே!

"விளக்குத் திரி போதாதா அக்கா?" போதாது. அது எண்ணெயில் படுத்து எரிவதற்கானது. நமக்குச் சடை போலப் பின்னிய பருத்தித் திரி வேண்டும். 1825-இல் பிரான்சில் கம்பாசெரே என்பவர் கண்டுபிடித்தது இது. எரியும்போது நுனி வளைந்து தானே சாம்பலாகிவிடும். உள்ளே ஈயக் கம்பி வைத்த திரி வேண்டவே வேண்டாம். ஈயம் காற்றில் கலக்கும். அமெரிக்காவில் 2003-இல் அதைத் தடை செய்துவிட்டார்கள்.

சோதித்துப் பார்க்கும் முறை:

1. ஒரே அளவு டம்ளர் மூன்று எடுங்கள். மெழுகும் எண்ணெயும் ஒரே அளவு. திரி மட்டும் மூன்று தடிமன்.
2. திரியை உருகிய மெழுகில் முக்கி, நேராக இழுத்து ஆறவிட்டு, அடித்தகடு மாட்டிச் சரியாக நடுவில் நிறுத்துங்கள்.
3. மெழுகு நன்றாக இறுகிய பின், நுனி கால் அங்குலம் இருக்கும்படி வெட்டி, காற்று அடிக்காத இடத்தில் ஏற்றுங்கள். டம்ளரின் அகலம் 3 அங்குலம் என்றால் 3 மணி நேரம் எரியட்டும்.
4. ஓரம் வரை உருகி, கரி இல்லாமல் நிதானமாக எரிந்தால் அதுவே சரியான திரி. அடியில் அரை அங்குலம் மெழுகு மிஞ்சும் வரை இப்படியே பல தடவை ஏற்றிப் பாருங்கள்; அடிக்கு வரவரத்தான் டம்ளர் அதிகம் சூடேறும்.

மல்லிகை எண்ணெய்க்குச் சரிவந்த திரி சந்தனத்துக்கும் சரிவரும் என்று நினைக்க வேண்டாம். எண்ணெய், சாயம், டம்ளர் எது மாறினாலும் மறுபடி சோதனைதான். மழை மாதங்களில் திரியை இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரம் ஏறினால் சடசடக்கும்.

மூன்று டம்ளர் செலவுக்குத் தயங்கினால், மொத்தமாக ஊற்றிய சரக்கே திரும்பி வரலாம். சோதனை முடிவைக் குழு நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் எல்லோரும் பேசுவோம்!