கெலாங் பாத்தாவிலிருந்து கோலாலம்பூர்: காரா, விமானமா?

கெலாங் பாத்தா - செந்தூலில் உறவினர் ஒருவர் காலமாகிவிட்டார், பிற்பகல் 2 மணிக்கு நல்லுடல் எடுக்கப்படும் என்று காலை 8 மணிக்குத் தகவல் வருகிறது. வீட்டில் முதலில் எழும் கேள்வி, "பிளைட் இருக்கா பாரு" என்பதுதான். வானில் ஒரு மணி நேரம், சாலையில் நான்கு மணி நேரம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. கணக்குப் போட்டால் விடை வேறாக வருகிறது.

வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால் கெலாங் பாத்தாவிலிருந்து தலைநகர் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். சாலை வழியே சுமார் 330. இரண்டாவது பாலம் 1998 ஜனவரி 2-ஆம் தேதி திறக்கப்பட்டபோது துவாஸ் பக்கம்தான் எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் அதே பாலத்து நெடுஞ்சாலைதான் இவ்வூரை ஜொகூர் பாரு நெரிசலில் சிக்கவிடாமல் செனாய் வடக்கில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையோடு சேர்த்துவிடுகிறது. உச்ச வேகம் 110 கிலோமீட்டர். ஓரிடத்தில் நின்று எழுந்தாலும் மூன்றரை முதல் நான்கு மணி நேரத்தில் தலைநகரை அடையலாம்.

இனி விமானம். வீட்டிலிருந்து செனாய்க்கு 35 நிமிடம். பெட்டியை ஒப்படைப்பதென்றால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். பயணம் ஒரு மணி நேரம். இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி. இறங்கும் இடம் கோலாலம்பூர் அன்று, சிப்பாங்! நகரம் இன்னும் 50 கிலோமீட்டருக்கு மேல். விரைவு ரயில் அரை மணி நேரத்தில் சென்ட்ரல் நிலையத்தில் சேர்க்கும். காத்திருப்பையும் சேர்த்தால் 45 நிமிடம். மொத்தம் 4 மணி 20 நிமிடம். அங்கிருந்து செந்தூலுக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். கைப்பை மட்டும் என்றால் மூன்றரை மணி நேரத்துக்குக் குறையலாம், ஆனால் காருக்குச் சமமாகுமே தவிர வெல்லாது. அதுவும் நினைத்த நேரத்தில் விமானமும் இருக்கையும் இருந்தால்தான்.

ஆக, துக்க வீட்டுக்குக் காரே முந்தும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: இரவு வேலை முடித்து வந்தவர் அழுத கண்ணோடு ஓட்டக் கூடாது. வேறொருவர் ஓட்டட்டும், மாச்சாப்பிலோ பாகோவிலோ நிறுத்தி முகம் கழுவிக்கொள்ளட்டும். கால் மணி நேரம்தான் போகும்.

தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் இக்கணக்கு செல்லாது. அந்நாள்களில் சாலைப் பயணம் ஆறு, ஏழு மணி நேரமாக நீள்வது புதிதல்ல. கார் இல்லாதவர்களுக்கு, 2025 டிசம்பரில் ஜொகூர் பாரு வரை வந்த இடிஎஸ் ரயில் இருக்கிறது. நான்கரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

பினாங்கு என்றால் பேச்சே வேறு. சாலையில் 700 கிலோமீட்டரை ஒட்டி வரும், எட்டு மணி நேரம் பிடிக்கும். அங்கே தயங்காமல் விமானச் சீட்டைத் தேடலாம்.