600 மணி நேர உழைப்புக்கு யார் பணம் தருவது?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கவுன்சலிங் முதுகலை படிக்கும் கடைசி ஆண்டு மாணவி, கதவு சாத்திய சின்ன அறையில் மேற்பார்வையாளருடன் உட்கார்ந்திருக்கிறார். மேசையில் லேப்டாப். தன்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவருடன் போன வாரம் பேசியதை, அவர் சம்மதத்துடன் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பதிவு ஓடுகிறது. மேற்பார்வையாளர் நடுவில் நிறுத்துகிறார். "இங்கே அவர் பேசாமல் இருந்தாரே, நீங்கள் ஏன் அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குப் போனீர்கள்?" சில வினாடி மௌனத்தைப் பற்றி இருவரும் வெகுநேரம் பேசுகிறார்கள். இந்தத் தொழில் கைக்கு வருவது இப்படித்தான்.

இதற்குக் கணக்கும் உண்டு. கவுன்சலிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் கேக்ரெப் அமைப்பின் விதிப்படி, முதலில் 100 மணி நேரம் ப்ராக்டிகம் என்ற ஆரம்பக் களப்பயிற்சி, பிறகு 600 மணி நேரம் இன்டர்ன்ஷிப். அந்த 600-ல் 240 மணி நேரமாவது ஆலோசனைக்கு வருபவர்களோடு நேரடியாகச் செலவழிக்க வேண்டும். 15 வார செமஸ்டர் இரண்டில் முடிப்பதென்றால் வாரத்துக்கு 20 மணி நேரம். பெரும்பாலான இடங்களில் இதற்குச் சம்பளம் கிடையாது. இன்டர்ன்ஷிப்பும் ஒரு பாடம் என்பதால் அதற்கும் கல்லூரிக் கட்டணம் கட்டியாக வேண்டும். வாடகைக்காக வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் அந்த ஆண்டில்தான் தடுமாறுகிறார். அவர் படிப்பை விட்டுவிட்டால், கஷ்டம் என்றால் என்னவென்று அனுபவித்து அறிந்த ஒருவரை அந்தத் தொழில் இழக்கிறது. மானியங்களைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இந்த ஓட்டையை அடைக்கும் முக்கியமான திட்டத்தை நடத்துவது, ஹெர்சா என்று சுருக்கி அழைக்கப்படும் மத்திய சுகாதாரத் துறையின் பிரிவு. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, மனநலப் பணியாளர்களைப் பெருக்க ஒபாமா அரசு எடுத்த முயற்சியில் 2014-ல் தொடங்கியது அந்தத் திட்டம். முதுகலை மாணவருக்கு 10,000 டாலர் ஸ்டைபண்ட், பெரும்பாலும் இன்டர்ன்ஷிப் ஆண்டில். ஆனால் இதற்கு மாணவர் நேராக அரசிடம் விண்ணப்பிக்க முடியாது. பல்கலைக்கழகம் போட்டியிட்டு மானியத்தைப் பெற்று, தன் மாணவர்களில் சிலரைத் தேர்ந்தெடுக்கிறது. உங்கள் துறை அதைப் பெறவில்லை என்றால் நீங்கள் எவ்வளவு நன்றாகப் படித்தும் பயனில்லை. கிடைத்தவர்கள் ஆலோசகர் தட்டுப்பாடு உள்ள ஊர்களில், பெரும்பாலும் டாக்டரும் நர்ஸும் ஆலோசகரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து கவனிக்கும் கிளினிக்குகளில் பயிற்சி பெறுகிறார்கள். பணத்தைவிட இந்தப் பயிற்சியே பிற்பாடு அவர்களுக்கு அதிகம் கைகொடுக்கும் என்பது என் எண்ணம். ஸ்டைபண்டுக்கு வருமான வரி உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆலோசகர் பயிற்சிக்கு அரசு பணம் போடுவது அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1957-ல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் பதறிப்போன அமெரிக்கா, மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அறிவியலில் திறமையுள்ள பிள்ளைகளைப் பள்ளியிலேயே கண்டுபிடிக்க ஆலோசகர்கள் வேண்டும் என்று பயிற்சி முகாம்களுக்கு நிதி ஒதுக்கியது. முகாமுக்கு வந்த அரசுப் பள்ளிக்காரர்களுக்கு வாரம் 75 டாலர், அவர்களை நம்பியிருக்கும் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 15 டாலர். பயிற்சிக்கு வருபவருக்கும் குடும்பம் இருக்கிறது என்பதைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அந்த அக்கறை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வேறு வழிகளும் உள்ளன. ஆலோசகர்களுக்குச் சான்றிதழ் தரும் தேசிய வாரியத்தின் அறக்கட்டளை, சிறுபான்மைச் சமூகங்களுக்குப் பணியாற்ற விரும்பும் மாணவர்களுக்கு ஃபெலோஷிப் நடத்திவந்திருக்கிறது. படித்து, உரிமம் வாங்கிய பிறகு ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் 2 ஆண்டு முழுநேரம் பணியாற்றினால், தேசிய சுகாதார சேவைப் படை 50,000 டாலர் வரை கல்விக் கடனை அடைக்கிறது.

ஆனால் இந்தப் பணம் நிலையானது அல்ல. 2022 மே மாதம் டெக்சஸின் உவால்டேயில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டதை அடுத்து, ஜூனில் இரு கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம் பள்ளி மனநலத்துக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் ஒரு பகுதி, பள்ளி மாவட்டங்களோடு சேர்ந்து ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கும் பல்கலைக்கழகங்களுக்கு. 2025 ஏப்ரலில் கல்வித் துறை அந்த மானியங்களைத் தொடரப்போவதில்லை என்று பாதி வழியில் கடிதம் அனுப்பியது. மாநிலங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. ஸ்டைபண்டை நம்பிப் படிப்பில் சேர்ந்தவர்களுக்கு, வழக்கு முடியும்வரை வாடகை காத்திருக்காது. போதாக்குறைக்கு, 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேரும் முதுகலை மாணவர்களுக்கு கிராட் ப்ளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது. அவர்கள் வாங்கக்கூடிய மத்திய அரசுக் கடனின் ஆண்டு உச்சவரம்பு 20,500 டாலர்.

நம் ஊரிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் போகும் பிள்ளைகள் முக்கியமாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெர்சா ஸ்டைபண்ட் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே. உங்களுக்குக் கிடைக்கக்கூடியது துறையில் அசிஸ்டன்ட்ஷிப்பும் கட்டணச் சலுகையும்தான். படிப்பு முடிந்த பின்னும் சிக்கல் இருக்கிறது. தனியாகப் பணியாற்றும் உரிமத்துக்குப் பல மாநிலங்கள் சுமார் 2 ஆண்டு மேற்பார்வைப் பணியைக் கேட்கின்றன. கவுன்சலிங் பொதுவாக ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளின் பட்டியலில் இல்லாததால், படிப்புக்குப் பின் அங்கே வேலை பார்க்க அனுமதிக்கும் ஓபிடி 12 மாதத்தோடு முடிந்துவிடும்.

எனவே சேர்க்கைக்கான நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள். இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் தரும் இடங்கள் உண்டா? துறையின் கையில் இப்போது எந்த மானியம் இருக்கிறது, அது எந்த ஆண்டு முடிகிறது? நீங்கள் 600 மணி நேரத்தைத் தொடங்கும் செமஸ்டருக்கு முன்பே அது முடிந்துவிடுமா?