ஹோட்டன் சமவெளி: மாவிலாறு வரை போகும் மூடுபனி

நுவரெலியாவிலிருந்து பட்டிபொல வரை தேயிலை, மரக்கறித் தோட்டம், மாட்டுப்பண்ணை. அதற்குமேல் காடு. 5,000 அடிக்கு மேலே காடழிப்பதை 1873இல் ஆங்கிலேய நிர்வாகம் தடுத்ததும் இது மிஞ்சியதற்கு ஒரு காரணம். கீழே காடு அழிந்த நிலத்தில் கோப்பியும் பிறகு தேயிலையும் வளர்த்தவர்கள் எம்மவர்கள்.

2,100 மீற்றர் உயரத்தில் நெடுமரங்களைத் தேட வேண்டாம். காற்றில் முறுகிய குட்டை மரங்கள், உடம்பெல்லாம் பாசி. ஆனால் வேலை பெரியது. இலையும் பாசியும் மூடுபனியைத் துளித்துளியாக வடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன. சதுப்பு அதைப் பிடித்துவைத்து மெல்ல விடுகிறது. எல்லோரும் 'உலக முடிவு' பார்க்க ஓடுகிறார்கள். நான் மரைகள் மேயும் சதுப்போரமே நின்றேன்.

இங்கே ஊறும் அக்ரா ஓயா கொத்மலை வழியாக மகாவலியில் சேர்கிறது. மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. அதன் கிளைதான் வெருகல் ஆறு. மாவிலாற்றுக்கு நீர் வருவதும் அதிலிருந்தே. 2006 ஜூலையில் அங்கே மதகு மூடப்பட்டது, போர் மூண்டது, ஓகஸ்டில் மூதூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள்.

பல பத்தாண்டுகளாக இந்த மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து சாகின்றன. ஏனென்று ஆய்வாளர்களிடையே ஒரே முடிவில்லை. பாதையோரம் வெளிறி நின்ற பட்ட மரங்களை எண்ணத் தொடங்கி, நாற்பதோடு விட்டுவிட்டேன்.