காதுமடலில் ஒரு சொட்டு

ஆறு நிமிடம் ஓடிவிட்டு ஓடுபாதையின் ஓரத்தில் வந்து நிற்கிறார் வீரர். பயிற்சியாளர் முதலில் அவருடைய காதுமடலை அழுத்தித் துடைக்கிறார். அளக்கப்போவது, உழைக்கும் தசைகளிலிருந்து ரத்தத்துக்கு வரும் லாக்டேட்டை. வியர்வையில் அது ரத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். துளி கலந்தாலும் கணக்கு கெட்டுவிடும். ஊசியால் ஒரு குத்து. முதல் சொட்டை வழித்துவிட்டு, அடுத்த சொட்டில், கையடக்கக் கருவியில் செருகிய சோதனைப் பட்டையின் நுனியை வைத்ததும் அது தானே ரத்தத்தை உறிஞ்சிக்கொள்கிறது. 15 விநாடியில் திரையில் 3.8. "அடுத்த சுற்று கொஞ்சம் மெதுவா" என்கிறார் பயிற்சியாளர்.

விரட்டுவதற்குத்தானே பயிற்சியாளர்? இந்தக் கருவி பெரும்பாலும் பயன்படுவது வீரரை அடக்கி வைக்கத்தான்.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டருக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. பட்டையில் பூசிய நொதி லாக்டேட்டோடு வினைபுரிய, அதில் பிறக்கும் நுண்ணிய மின்னோட்டத்தை அளந்து, லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று கருவி சொல்லிவிடுகிறது. ஜப்பானின் ஆர்க்ரே நிறுவனம் செய்யும் லாக்டேட் புரோ 2-க்கு 0.3 மைக்ரோலிட்டர் ரத்தமே போதும்.

சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இந்த அளவு 1-ஐ ஒட்டி இருக்கும். 400 மீட்டர் பந்தயம் ஓடிய முன்னணி வீரருக்கு 20-ஐயும் தாண்டலாம். அந்த உச்சமும் கோட்டைத் தொட்ட கணத்தில் தெரியாது. தசையிலிருந்து ரத்தத்துக்கு வந்து சேரச் சில நிமிடங்கள் பிடிக்கும் என்பதால், விட்டுவிட்டுப் பல முறை குத்திப் பார்க்கிறார்கள்.

லாக்டேட்டுக்கு நெடுங்காலமாகவே கெட்ட பெயர். ஓடிய மறுநாள் கால் வலித்தால் பழி அதன் மேல்தான் விழும். உண்மையில், ஓடி முடித்து ஒரு மணி நேரம் போல ஆனாலே ரத்தத்தில் அது பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. மறுநாள் வலிக்குக் காரணம் வேறு. அமெரிக்க உடலியலாளர் ஜார்ஜ் புரூக்ஸ் 1980-களிலிருந்து விடாமல் சொல்லிவருவது இதைவிடச் சுவையானது: லாக்டேட் கழிவல்ல, எரிபொருள். வேகத் தசைநார்கள் உண்டாக்குவதை இதயமும் மெதுவான தசைநார்களும் வாங்கி எரிக்கின்றன. ஆக, திரையில் தெரியும் எண் வரவுக்கும் செலவுக்கும் இடையில் நிற்கும் இருப்பு. ஒரு வேகம் வரை இரண்டும் ஈடுகட்டிக்கொள்ளும். அதைத் தாண்டினால் வரவு மிஞ்சி, எண் ஏறிக்கொண்டே போகும். அந்த எல்லைக்குத்தான் லாக்டேட் வரம்பு என்று பெயர்.

1970-களில் ஜெர்மனியின் விளையாட்டு மருத்துவர் அலாய்ஸ் மாடர் வழியாக, வரம்பு என்றால் 4 மில்லிமோல் என்ற கணக்கு பரவியது. நினைவில் வைக்க வசதிதான். ஆனால் ஆளுக்கு ஆள் மாறும் ஒன்றை ஒரே எண்ணில் அடைக்க முடியுமா? நார்வேயின் மாரியஸ் பாக்கன் தன் ரத்தத்தையே ஆயிரக்கணக்கான முறை சோதித்துப் பார்த்தார். 2004-இல் 5,000 மீட்டரை 13 நிமிடம் 6.39 விநாடியில் ஓடியவர், மருத்துவரும்கூட. 4-க்குக் கீழே, 3-ஐ ஒட்டியே நிறுத்திக்கொண்டால் உடல் அவ்வளவாகக் களைக்காது, அதே நாள் மாலையில் இன்னொரு முறை ஓடலாம் என்பது அவர் கண்ட வழி. இந்த 'இரட்டை வரம்பு' முறையை அதே நாட்டு ஓட்டக்காரர்களான இங்கெப்ரிக்ட்சன் சகோதரர்கள் கைக்கொண்டார்கள். அவர்களில் இளையவரான யாக்கோப், டோக்கியோ ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் தங்கத்தை 3 நிமிடம் 28.32 விநாடியில் வென்றார். அதன் பிறகு காது குத்தும் பழக்கம் உலகமெங்கும் தொற்றிக்கொண்டது.

கருவியை வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முந்தைய நாள் கடுமையாக ஓடி, சரியாகச் சாப்பிடாமலும் வந்தவருக்குத் தசையில் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜன் வற்றிப்போயிருக்கும். லாக்டேட் உண்டாகச் சரக்கு இல்லாததால் எண் தாழ்வாகவே காட்டும். தேறிவிட்டார் என்று எண்ணி வேகத்தைக் கூட்டினால், ஏற்கெனவே சோர்ந்த உடம்பின் மேல் இன்னும் சுமை ஏறும். விவரம் தெரிந்த பயிற்சியாளர், எண் வழக்கத்தைவிட இறங்கினால் வேகத்தைக் கூட்டும் முன், நேற்று என்ன ஓடினாய், என்ன சாப்பிட்டாய் என்று விசாரிப்பார்.