இலை சிவக்கும் மூன்று வாரம்

நாளொன்றுக்குச் சராசரியாக 49 பேர். ஜப்பானின் தடாமி ரயில் தடத்தில், ஐஸு-கவாகுச்சிக்கும் தடாமிக்கும் இடைப்பட்ட பகுதியில் 2010-ஆம் ஆண்டின் பயணிகள் கணக்கு இது. நம் ஊர் மினி பஸ் ஒரே நடையில் ஏற்றிக்கொள்ளும் கூட்டம். மறு ஆண்டு ஜூலைக் கடைசியில் கொட்டித் தீர்த்த மழையில் தடாமி ஆறு பெருக்கெடுத்துப் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. தண்டவாளத்தைக் கைவிட்டுப் பேருந்து விடலாம் என்றது ரயில் நிறுவனம். உள்ளூர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இழுபறி ஆண்டுக்கணக்கில் நீண்டது. கடைசியில் 2022 அக்டோபர் 1 அன்று, அறுந்துகிடந்த அந்த 27.6 கிலோமீட்டரிலும் மீண்டும் ரயில் ஓடியது. செலவு ஏறக்குறைய 900 கோடி யென். தண்டவாளமும் பாலங்களும் இப்போது ஃபுகுஷிமா மாகாண அரசின் பொறுப்பு. ரயிலை ஓட்டுவது மட்டும் நிறுவனத்தின் வேலை.

49 பேருக்காக யாரும் இவ்வளவு செலவு செய்யமாட்டார்கள். திறந்த சில வாரங்களிலேயே பெட்டிகளில் நிற்க இடமில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் இலை பார்க்க வந்தவர்கள்.

ஃபுகுஷிமா என்றதும் அணுவுலை நினைவுக்கு வரும். அது இருப்பது கிழக்குக் கடற்கரையில். தடாமி ஆறு ஓடுவது மாகாணத்தின் மேற்குக் கோடி மலைகளில், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். யனைஸு, மிஷிமா, கனேயாமா, தடாமி என்று ஆற்றோரமாகச் சிற்றூர்கள். மிஷிமாவிலும் கனேயாமாவிலும் பாதிக்கும் மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். மிஷிமாவுக்கு அருகே குன்றின் மேலிருந்து பார்த்தால் ‘தடாமி ஆற்று முதலாம் பாலம்’ தெரியும். இரும்பு வளைவின் மேல் குட்டி ரயில், கீழே அசையாத பச்சை நீரில் அதன் நிழல், சுற்றிலும் மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமாகச் சரிவுகள். ஜப்பானின் இலையுதிர்காலம் என்று உலகெங்கும் சுற்றும் படங்களில் இதுவும் ஒன்று. தைவானிலிருந்து இந்த ஒரு காட்சிக்காகவே விமானம் ஏறி வருகிறார்கள்.

அந்தப் படத்தில் தெரிவதற்கெல்லாம் காரணம் தேடிப் போனால், சுற்றிச் சுற்றிப் பனியில்தான் வந்து நிற்கிறோம்.

குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. மலையில் மோதியதும் அதை வெண்பனியாகக் கொட்டிவிடுகிறது. தடாமியில் தரைமேல் 2 மீட்டருக்கு மேல் பனி தேங்குவது சர்வ சாதாரணம். சில ஆண்டுகளில் 3 மீட்டரையும் தாண்டும். செங்குத்தான சரிவுகளில் அவ்வளவு பனியும் தங்காது. ஆண்டுதோறும் சரிந்து இறங்குகிறது. இறங்கும்போது மண்ணையும் மரத்தையும் வழித்துக்கொண்டு போகிறது. பனிச்சரிவு ஓடும் அந்தத் தடங்களில் நெடுமரம் எதுவும் நிலைப்பதில்லை. பனியின் பாரத்துக்கு வளைந்துகொடுக்கும் குற்றுமரங்களும் புதர்களும்தான் பிழைக்கின்றன. மண் ஆழமாகத் தங்கிய மென்சரிவுகளில் புனா எனப்படும் ஜப்பானிய பீச் மரங்கள். பாறை துருத்தும் முகடுகளில் ஊசியிலைப் பைன். ஒரே மலையில் கைக்கெட்டும் தூரத்துக்குள் மூன்று வகைக் காடு. இலை நிறம் மாறும்போது ஒரே வண்ணப் போர்வையாக இல்லாமல், கரும்பச்சைக் கோடுகளுக்கிடையே மஞ்சளும் சிவப்பும் துண்டு துண்டாகத் தெரிவது இதனால்தான். இந்த நில அமைப்பும் அதனோடு ஒட்டிய மனித வாழ்வும் சேர்ந்துதான் 2014-இல் தடாமிக்கு யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம் என்ற தகுதியைப் பெற்றுத் தந்தன.

இனி இலைக்குள் நுழைவோம்.

பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் மரம் தன் முதலீட்டைத் திரும்ப எடுக்கத் தொடங்குகிறது. இலையில் போட்டுவைத்த சத்துகளில் மிக அருமையானது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். உதிர்வதற்குள் ஏறக்குறைய பாதியை மரம் கிளைக்கும் தண்டுக்கும் இழுத்துக்கொள்கிறது. அடுத்த வசந்தத்தின் தளிருக்கு அதுதான் கைமுதல்.

பச்சையம் சிதைவது இந்தச் சத்துக்காகத்தான் என்று பள்ளியில் படித்திருப்போம். விஷயம் கொஞ்சம் வேறு. பச்சையத்தில் இருக்கும் நைட்ரஜன் சொற்பம். அதை மரம் மீட்பதுகூட இல்லை, நிறமற்ற கழிவாக மாற்றி இலைச் செல்லின் நுண்குமிழிலேயே விட்டுவிடுகிறது. மரத்துக்கு வேண்டியது பச்சையத்தைப் பிடித்துவைத்திருக்கும் புரதங்கள். ஆனால் பிடியிலிருந்து விடுபட்ட பச்சையம் ஆபத்தானது. வெயில் பட்டால் செல்லை அரிக்கும் வினைமிகு ஆக்சிஜனை உண்டாக்கிவிடும். ஆகவே புரதத்தை எடுப்பதற்கு முன் பச்சையத்தைப் பல்லைப் பிடுங்கிய பாம்பாக்க வேண்டும். ஆண்டுதோறும் உலகெங்கும் நூறு கோடி டன்னுக்கு மேல் பச்சையம் மறைகிறது. அது எங்கே போகிறது என்பது 1990-கள் வரை தாவரவியலில் விடை தெரியாத கேள்வி. ஆஸ்திரியாவின் பெர்ன்ஹார்ட் க்ரொய்ட்லரும் சுவிட்சர்லாந்தின் ஃபிலிப் மட்டிலும் தங்கள் குழுக்களுடன் 1991-இல் பார்லி இலையிலிருந்து அந்த நிறமற்ற எச்சத்தின் அமைப்பைக் கண்டறிந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத பொருள் என்பதால்தான் அத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை.

பச்சை விலகியதும் தெரிகிற மஞ்சள் புதிதல்ல. கரோட்டினாய்டு நிறமிகள் கோடை முழுக்க இலைக்குள்தான் இருந்தன. புனா மரம் மஞ்சளாகிப் பிறகு செம்புப் பழுப்பாவதும் கின்கோ பொன்னிறமாவதும் இந்தக் கணக்கு. சிவப்பு வேறு கதை. மேப்பிள், காட்டு அரக்கு மரம் போன்றவற்றின் இலைகளில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி, சாகப்போகும் நேரத்தில் புதிதாகத் தயாரிக்கப்படுகிறது. கடையை மூடும் நாளில் எதற்கு இந்தப் புதுச் செலவு?

இதற்கு இரண்டு விடைகள் மோதிக்கொண்டிருக்கின்றன. பரிணாம உயிரியல் மேதை டபிள்யூ. டி. ஹாமில்டன், சாம் பிரவுனோடு சேர்ந்து எழுதிய கட்டுரை அவர் இறந்த மறு ஆண்டான 2001-இல் வெளிவந்தது. பளிச்சென்ற நிறம் பூச்சிகளுக்கான எச்சரிக்கை என்றார்கள் அவர்கள்: ‘நான் திடமான மரம், என்மேல் முட்டையிட்டால் உன் குஞ்சுகள் பிழைக்காது.’ அழகான கருத்து. ஆனால் இப்படி முட்டையிட வரும் அசுவினிப் பூச்சிகளுக்குச் சிவப்பைத் தனி நிறமாகக் காணும் கண்ணே இல்லை. மஞ்சள்தான் அவற்றைச் சுண்டி இழுக்கும். எனக்கு மற்ற விடைமேல்தான் நம்பிக்கை அதிகம். குளிரில் இலையின் நொதிகள் மந்தமாகிவிடுகின்றன, வெயிலோ குறையவில்லை. வாங்கிய ஒளியைச் செலவழிக்க வழியில்லாமல் இலை தடுமாறுகிறது. அந்த நேரத்தில் சிவப்பு நிறமி ஒரு மறைப்பாக நின்று, சத்தை மீட்கும் வேலை முடியும்வரை செல்லைக் காக்கிறது. அமெரிக்காவில் வில்லியம் ஹாக் குழுவினர் ஆந்தோசயனின் உண்டாக்க முடியாத செடிகளை இயல்பான செடிகளோடு ஒப்பிட்டு 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடும் ஒளியில் சிவப்பில்லாத செடிகள் மீட்ட நைட்ரஜன் குறைவு.

இந்த வேலையை நம் வாசலிலேயே பார்க்கலாம். மாந்தளிர் செந்நிறமாகத் துளிர்ப்பதும் ஆந்தோசயனினால்தான். பச்சையம் முழுதாக அமையாத பருவத்தில் வெயிலைத் தாங்க அது உதவுகிறது என்று கருதுகிறார்கள். நாட்டு வாதுமை மரம் ஜப்பானுக்குப் போகாமலே உதிரும் முன் சிவக்கிறது.

வெயில் அடிக்கும் பகலும் உறையாத குளிரிரவும் அடுத்தடுத்து வந்தால் சிவப்பு தூக்கலாக இருக்கும். பகலில் உண்டாகும் சர்க்கரை, காம்பின் அடியில் உதிர்வடுக்கு உருவாகி வழி அடைபடுவதால் இலையிலேயே தங்கிவிடுகிறது. நிறமிக்கு அதுதான் மூலப்பொருள். மழையும் மப்புமான அக்டோபரில் நிறம் மங்கும். தடாமியின் விடுதிக்காரர்கள் செப்டம்பரிலிருந்தே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

படத்தில் இன்னொன்று பாக்கி இருக்கிறது: அந்த அசையாத நீர். காட்டாறு ஒன்று கண்ணாடிபோல் நிற்காது. தடாமி ஆறு இரண்டாம் உலகப் போருக்குப் பின்வந்த ஆண்டுகளில் அணை அணையாகத் தடுக்கப்பட்டு, நீர்த்தேக்கங்களின் தொடராகிவிட்டது. மலைப்பனி உருகும் நீரும் செங்குத்தான பள்ளத்தாக்கும் மின்சாரத்துக்குத் தோதானவை. மேலே இருக்கும் தகோகுரா அணையின் அடியில் ஒரு கிராமமே மூழ்கியது. ரயில் தடத்தின் இந்தப் பகுதிகூட அந்த அணைக்குச் சாமான் ஏற்றிச்செல்லப் போடப்பட்டதுதான். 1963-இல்தான் பயணிகளுக்குத் திறந்தார்கள். ‘தொன்மை மாறாத ஜப்பான்’ என்று விளம்பரங்கள் சொல்லும் இந்தக் காட்சியில் பாதி, டோக்கியோவுக்கு விளக்கேற்ற எழுப்பிய கான்கிரீட்டின் உபயம். இதைச் சொன்னால் அழகு குறைந்துவிடாது என்றே நினைக்கிறேன்.

நஷ்டத்தில் ஓடிய கிளைத் தடங்களை 1980-களில் ஜப்பான் வரிசையாக மூடியபோது தடாமி தடம் தப்பியது. அதற்குச் சொல்லப்பட்ட காரணமும் பனிதான். குளிர்காலத்தில் நீகாட்டா மாகாண எல்லையிலுள்ள கணவாய்ச் சாலை மூடிவிடும். ரயிலை விட்டால் வேறு வழி இல்லை.

அதே பனிதான் ஊரைக் காலி செய்துகொண்டும் இருக்கிறது. கூரையில் ஏறிப் பனி தள்ள எண்பது வயதுக்காரரால் ஆகாது. பிள்ளைகள் நகரத்தில். ஆகவே ‘இலையைக் காட்டிப் பிழைப்போம்’ என்று ஊர்கள் இறங்கியதில் வியப்பில்லை. கனேயாமாவில், அக்கரைக் கிராமம் காலியானதோடு 1960-களில் நின்றுபோன ஓடத்தை உள்ளூர்க்காரர்களே 2010-இல் மீட்டு, துடுப்பு போட்டு விருந்தினரை ஏற்றிச்செல்கிறார்கள். தடாமி ஊராட்சி இன்னும் ஒருபடி மேலே போய், ரயிலைக் கண்டால் எல்லோரும் கையசைப்போம் என்று சட்டமே இயற்றியது! வயலில் நிற்பவர்கள் நிமிர்ந்து கையசைப்பதை ஜன்னலோரம் இருந்தவர்கள் எளிதில் மறப்பதில்லை.

சிக்கல் வேறிடத்தில். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் மூன்று வாரம்தான் நிறம். அதற்குள் வரும் கூட்டத்துக்கு, மீட்கப்பட்ட பகுதியில் ஓடும் ரயிலோ நாளுக்கு மூன்று நடை. பலர் காரில் வந்து, குன்றின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். படத்தில் இருக்கும் ரயிலுக்கு அவர்களால் ஒரு டிக்கெட் வருமானம்கூட இல்லை.

அந்த மூன்று வாரமும் இப்போது இருந்த இடத்தில் இல்லை. ஜப்பான் வானிலை ஆய்வு மையம் 1953 முதல் நாடெங்கும் குறிப்பிட்ட மேப்பிள் மரங்கள் சிவக்கும் நாளைப் பதிவு செய்கிறது. பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று நாள் வீதம் அது தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. பூச்சி, பறவை, செடி என 57 இனங்களைக் கவனித்துவந்த அந்த மையம் 2021-இல் பட்டியலை ஆறு தாவரங்களாகச் சுருக்கியபோதும் மேப்பிளையும் கின்கோவையும் விடவில்லை. வெப்பம் ஏற ஏற, புனா காடுகளுக்கு ஏற்ற நிலப்பரப்பும் சுருங்கும் என்று வன ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். புனா காய்க்காத ஆண்டில் கரடிகள் ஊருக்குள் இறங்குகின்றன. வடகிழக்கு ஜப்பானில் காய்ப்பு பொய்த்த 2023-இல், நாடு முழுக்க இருநூறுக்கும் மேற்பட்டோர் கரடித் தாக்குதலுக்கு ஆளானார்கள். இலை பார்க்கக் காட்டுக்குள் நடப்பவர்கள் பையில் மணி கட்டிக்கொள்வது வேடிக்கைக்காக அல்ல.

மூன்று வார நிறத்தை மட்டும் நம்பியிருக்காமல் பிழைப்பதில் மிஷிமா முன்னோடி என்பது என் எண்ணம். ரயிலும் இலையும் புகழ் பெறுவதற்கு வெகு முன்பே, 1974-இல், அந்த ஊர் ‘சிறப்பு ஊர்க்காரர்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. நகரவாசிகள் ஆண்டுச் சந்தா கட்டி ஊரின் உறுப்பினராகலாம். சொந்த ஊருக்கு வருவதுபோல் எந்தப் பருவத்திலும் வந்து தங்கலாம். 1981-இல் கைவினைகளை மீட்கும் இயக்கம் வந்தது. பனி வீட்டைச் சூழ்ந்த மாதங்களில் அடுப்பருகே அமர்ந்து காட்டுத் திராட்சைக் கொடியின் பட்டையாலும் மததாபி என்ற கொடியாலும் கூடை, முறம், அரிசி களையும் சல்லடை முடைவது இங்கே பழைய வழக்கம். (மததாபி வாசனைக்குப் பூனைகள் கிறங்கிப் புரளும், அது கொசு விரட்டும் உத்தி என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021-இல் காட்டினார்கள்.) 2003-இல் இந்த முடைதல் தேசிய அளவில் மரபுக் கைவினையாக அறிவிக்கப்பட்டது. ஒரு திராட்சைப் பட்டைக் கூடையின் விலையைக் கேட்டால் முதலில் தலை சுற்றும். பட்டையை உரிக்க ஏற்ற காலம் ஆண்டில் சில வாரங்கள்தான் என்று தெரிந்தபின் பேரம் பேசத் தோன்றாது.

இன்று ஆண்டுதோறும் ஜூனில் அங்கே கைவினைஞர் சந்தை கூடுகிறது. மலை முழுக்கப் பச்சையாக, புகைப்படக்காரர்கள் எட்டிப்பார்க்காத மாதம் அது. ஊரே வழிகிற அளவுக்குக் கூட்டம் வருகிறது. வாங்கியவர் கூடையின் பிடி தேய்ந்தால் பழுது பார்க்கத் திரும்பவும் வருகிறார். இலை எந்த வாரம் சிவக்கும் என்பது தெரியாமல் விடுதிக்காரர்கள் முன்பதிவு வாங்குகிறார்கள். சந்தைத் தேதியை மிஷிமாக்காரர்கள் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள்.