ஒயர்ல என்ன சார் இருக்கு?

சர்வர் வாங்க லட்சக்கணக்கில் கையெழுத்துப் போடுகிற மேனேஜர், கேபிள் பில்லைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். ''ஒயருக்கா இவ்வளவு? ரிச்சி ஸ்ட்ரீட்ல பாதி விலைக்குக் கிடைக்குமேய்யா!'' கிடைக்கும். அங்கேதான் வில்லங்கமே ஆரம்பம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ராத்திரி பேக்கப் எடுக்க வேண்டிய டேட்டா 10 டெராபைட் என்று வையுங்கள். லைன் 1 ஜிகாபிட் என்றால், தங்குதடையில்லாமல் ஓடினாலே 22 மணி நேரம் ஆகும். இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்தால் மறுநாள் சாயங்காலம் ஆறு! அதே 10 ஜிகாபிட் என்றால் இரண்டே கால் மணி நேரம். (டிஸ்க்கும் ஈடுகொடுக்கணும், அது வேறு கதை.) பேக்கப் பாதியில் நிற்கும்போது டிஸ்க் மண்டையைப் போட்டால், மேனேஜர் தேடப்போவது கேபிள் கடைக்காரரை அல்ல... உங்களை!

சரி, எதை வாங்குவது? டேப்பை எடுத்துத் தூரத்தை அளங்கள். ஒரே ரேக்குக்குள் என்றால் 'டாக்' கேபிள். டைரக்ட் அட்டாச் காப்பர் என்று முழுப்பெயர். இரண்டு முனையிலும் தலையோடு வரும், செருகினால் முடிந்தது. மின்சாரம் சாப்பிடாத, சூடாகாத சாது. ஒரே பலவீனம், வேகம் ஏற ஏற நீளம் குறையும். 10 ஜிகாபிட்டுக்கு 7 மீட்டர் வரை தாங்கும். 100 ஜிகாபிட்டுக்கு 5 மீட்டர். 400-க்குப் போனால் 3 மீட்டரே ஜாஸ்தி.

அடுத்த அறை, அடுத்த மாடி என்றால் ஃபைபர். ஓ.எம்.3 ரகத்தில் 10 ஜிகாபிட் 300 மீட்டர் போகும், ஓ.எம்.4-ல் 400. பழைய நண்பர் ஆர்.ஜே.45-தான் வேண்டும் என்றால் கேட் 6ஏ வாங்குங்கள், 100 மீட்டர் நிச்சயம். வெறும் கேட் 6 என்றால் 55 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

இந்த கேட் 6-ல்தான் பாதி விலை மர்மம். உள்ளே அலுமினியக் கம்பி, மேலே செம்புப் பூச்சு, பெட்டியில் மட்டும் 'கேட் 6' என்று கொட்டை எழுத்து. பெட்டி வழக்கத்தைவிட லேசாக இருந்தாலே சந்தேகப்படுங்கள். கம்பி நுனியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால், கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

டிஸ்க் பெட்டிக்கு வாங்குகிற கேபிளில் இன்னொரு தமாஷ். ஒரு பக்கம் ஒற்றைத் தலை, மறுபக்கம் பிரம்மா மாதிரி நாலு சாட்டா தலை. இதில் ஃபார்வர்ட், ரிவர்ஸ் என்று இரண்டு ஜாதி. பார்க்க இரட்டைப் பிள்ளைகள், உள்ளே ஒயரிங் வேறு! ஒற்றைத் தலை கன்ட்ரோலர் கார்டில், நாலு தலை டிஸ்க்குகளில் என்றால் ஃபார்வர்ட். மதர்போர்டின் நாலு சாட்டாவிலிருந்து பேக்பிளேனுக்குப் போவதென்றால் ரிவர்ஸ். மாற்றிப் போட்டால் புகையெல்லாம் வராது; டிஸ்க் கண்ணிலேயே படாது. ராத்திரி பூரா கார்டைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், பாவம் அது என்ன செய்யும்?

இன்னொன்று: டாக் தலைக்குள் ஒரு குட்டி சிப் உண்டு. 'நான் இன்ன கம்பெனி' என்று அது சுவிட்ச்சிடம் சொல்லும். சில சுவிட்ச்சுகள் மாமியார் மாதிரி, வேற்று வீட்டுப் பெண்ணை உள்ளே விடாது. சர்வர் ஒரு பிராண்டு, சுவிட்ச் ஒரு பிராண்டு என்றால் இரண்டு முனைக்கும் தனித்தனி கோடிங் கேட்டு வாங்குங்கள். 'ஓடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளப்படும்' என்று பில்லிலேயே எழுத வையுங்கள்.

மாட்டும்போது ஃபைபரைப் பூக்கட்டுகிற நார் மாதிரி மடக்கக் கூடாது. அதன் தடிமனைப் போல் பத்து மடங்கு ஆரமாவது வளைவு இருக்கட்டும். முனையைத் துடைத்துவிட்டுச் செருகுங்கள். நீண்ட தூர ரகத்தில் வெளிச்சம் ஓடும் பாதை 9 மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிசு. ஒரு தூசி போதும், கதை கந்தல். ஓடுகிற ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து எட்டிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும்.

கட்டுவதற்கு பிளாஸ்டிக் டை வேண்டாம், இறுக்கிக் கொன்றுவிடும். வெல்க்ரோ போதும். அப்புறம் லேபிள்... இரண்டு முனையிலும்!